இடது பக்கத்து இருக்கை

கார் ஷோரூமுக்குள் நுழைந்ததும் முதலில் வண்டியின் கூரையைத்தான் திறந்து காட்டுகிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடி பின்னால் நகர்கிறது, வானம் தெரிகிறது. கொச்சியில் பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மண்டையைப் பிளக்கும் வெயில். இந்த ஊரில் கூரையைத் திறந்துகொண்டு யார் போவார்கள் என்று கேட்டால், "பிள்ளேர்க்கு இஷ்டமாணு சேச்சி" என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை என்று இருப்பவள் ஒரே மகள். அவளும் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மட்டாஞ்சேரி வீட்டில் மிச்சம் இருப்பது நானும், அறுபதைத் தாண்டிய என் கணவரும்தான்.

நான் கூரையைப் பார்க்கப் போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது முன்பக்கத்து இடது இருக்கை. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்றுதான் என் கவலை. அவர் நின்றால் அவருடைய பின்பக்கம் எந்த உயரத்தில் வருகிறது என்று வீட்டிலேயே பார்த்து, என் சுடிதாரில் அதே உயரத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்புவேன். ஷோரூமில் இடது கதவைத் திறந்து, இருக்கைக்கு முதுகு காட்டி நிற்பேன். இருக்கையின் விளிம்பு ஊக்குக்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்ல வண்டி. ஊக்குக்கு மேலே போனால் அவரைத் தூக்க வேண்டியிருக்கும், ரொம்பக் கீழே போனால் அவர் விழுவார். அந்தப் பளபளக்கும் தரையில் ஒரு நடுவயதுப் பெண்பிள்ளை காருக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது கையும் இடது காலும் போயின. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி எல்லாம் முடிந்து, வலது கையில் ஊன்றுகோலோடு நான்கு அடி நடக்கிற அளவுக்கு வந்தார். பேச்சு பழையபடி வந்துவிட்டது. கோபமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது, அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

அவர் பெயிண்ட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாகக் காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை கேரளம் முழுக்க ஓட்டித் தீர்த்தவர். நாங்கள் பாலக்காட்டிலிருந்து கல்யாணம் முடித்துக் கொச்சிக்கு வந்ததே அவர் ஓட்டிய வண்டியில்தான். அன்றைக்கு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தவள், பிறகு எல்லா வண்டியிலும் அங்கேயே உட்கார்ந்தேன். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, ஸ்டீயரிங்தான் கிடைக்கவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் போய் நின்று "வரட்டே, வரட்டே" என்று சொல்கிற உத்தியோகம் மட்டும் எனக்கு உண்டு. அவர் படுத்த பிறகு, தோப்பும்படியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மறுபடி கற்றுக்கொண்டு, வீட்டில் நின்ற சின்னக் காரை நானே எடுத்தேன்.

அந்தக் கார் தாழ்வானது. அவரை முதுகு காட்டி நிறுத்தி, தலை இடிக்காமல் அமுக்கி, இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்க வேண்டும். வெளியே எடுப்பது கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பதுபோல. ஒருநாள் பிசியோ மையத்தின் வாசலில் இழுக்கும்போது என் கால் வழுக்கி, இருவரும் ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவருடைய வேட்டி அவிழ்ந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நடுரோட்டுல போட்டு எல்லாருக்கும் காட்டியாச்சோல்லியோ? போறும். நான் இனி எங்கேயும் வரலை."

சொன்னபடியே இருந்தார். பிசியோவுக்கும் போகவில்லை. நடந்துகொண்டிருந்த நான்கு அடியும் இரண்டாகக் குறைய ஆரம்பித்தது. படுக்கையே கதி என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மகளிடம் போனில் அழுதேன். அவள் என்னை மாதிரி அழுகிறவள் இல்லை, உடனே வழி சொல்கிறவள்.

"அம்மா, ஒரு எஸ்யூவி எடு. பெருசு வேண்டாம், அந்தச் சந்துக்குள்ள போகாது. நடுத்தரம் போறும். சீட்டு உயரமா இருக்கும், அப்பா தானா உக்காரலாம்."

அப்படித்தான் நான் ஊக்கும் கையுமாக ஷோரூம் ஏற ஆரம்பித்தேன். அவர் இறங்கி ஏறுவது சுலபமானால் வெளியே வருவார், வெளியே வந்தால் நடப்பார். நான் வண்டிக்குப் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கைகாலைவிடப் பெரிய நஷ்டம் அதுதான். அவருக்கு இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை. டாக்டர் சொன்னது, கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று. முகத்தில் வலது பாதியை மட்டும் ஷேவ் செய்துவிட்டு, ஆயிற்று என்பார். தட்டில் வலது பாதிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். மீதிச் சாதம் வலது பக்கம் வந்துவிடும், சாப்பிடுவார். எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இடது பக்கமாகவே போய்ப் பேசுங்கள், பழகப் பழகத் திரும்புவார் என்றார்கள் பிசியோ மையத்தில். மாதக்கணக்கில் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். அவர் வலது பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். கடைசியில் நான்தான் பழகிக்கொண்டேன். கட்டிலை மாற்றிப் போட்டு, டிவி, தண்ணீர்க் குப்பி, மாத்திரை, நான், எல்லோரும் வலது பக்கத்துக்குக் குடிபெயர்ந்தோம்.

கலூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்தது, அவர் வெளியே போவதை நிறுத்துவதற்கு முன்னால். பந்தியில் உட்கார்ந்தவர், உப்பில்லை, ஊறுகாயில்லை, என்ன சத்யை இது, இது ஒரு விருந்தா என்று பரிமாறுகிறவனை விரட்டினார். உப்பும் ஊறுகாயும் இலையின் இடது மூலையில்தானே வைப்பார்கள். பரிமாறுகிறவன் அதையே சுட்டிக் காட்டினான், இவர் அவனுடைய கையைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வீட்டில் தட்டைத் திருப்புகிற பழக்கத்தில், இலையை நுனியோடு திருப்பிப் போட்டுவிட்டேன். நுனி வலது பக்கம் வருகிற மாதிரி இலை போடுவது எந்தக் காரியத்துக்கு என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்ப் பந்தியில் ஒரு மாமி வாயில் கை வைத்துக்கொண்டார். இவர் சந்தோஷமாக ஊறுகாயை எடுத்து நக்கினார். நான் எழுந்து கை கழுவப் போய் அங்கேயே நின்றுவிட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு எங்களுக்கு வந்த அழைப்புகளில் "வர முடியாட்டாலும் பரவாயில்லை" என்று சேர்த்துச் சொன்னார்கள்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பார்த்த வண்டி ராஜா மாதிரி இருந்தது, இருக்கை என் ஊக்குக்கு மேலே போயிற்று. ஏணி இலவசமாகத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன். வேறொன்றில் உயரம் சரி, கதவு பாதியில் நின்றுவிட்டது, ஊன்றுகோலோடு ஒரு மனிதன் நுழைய இடமில்லை. இன்னொன்றை ஓட்டிப் பார்த்தபோது மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவில் அதன் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. விலைக்கு ஏற்ற வண்டியா, மறுபடி விற்றால் என்ன கிடைக்கும் என்று மகள் வீடியோக்களாக அனுப்பித் தள்ளினாள். வேலியேற்றத்தில் கடல் பொங்கினால் காயல் ஓடை வழியாக எங்கள் சந்துக்கே வந்து நிற்கும், உப்புத் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். அதனால் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதும் வேண்டும். விற்பனைக்காரர்கள் "டெய்லி யூஸ் எத்ர வரும்?" என்று கேட்பார்கள். பிசியோ மையம் சுள்ளிக்கலில். வாரத்துக்கு மூன்று நடை, அவர் வந்தால். அதை என்னவென்று சொல்ல?

கடைசியாகப் பார்த்த வண்டி சாம்பல் நிறம். இருக்கை ஊக்குக்கு இரண்டு விரல் கீழே. கதவு நன்றாக மலர்ந்து திறந்தது. கனமில்லாத ஸ்டீயரிங், குழியில் விழுந்தாலும் முதுகைப் பிடிக்காத சஸ்பென்ஷன். அதைக் காட்டிய மனிதருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். நான் முதுகு காட்டி நின்றபோது, "ஆர்க்கா சேச்சி, சுகமில்லாத்தது?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றைக்கே தீர்மானித்தேன், இதுதான் வண்டி என்று.

வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்குக் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்குக் கண்ணைத் திறந்தார்.

"டீசலா, பெட்ரோலா?"

"பெட்ரோல்."

"திரும்பற வட்டம் எத்தனை? நம்ம முக்குல ஒரே வெட்டுல திரும்புமோ?"

எத்தனை மாதம் கழித்து ஒரு கேள்வி! விளம்பரத் தாளைக் கொண்டுவரச் சொல்லி வலது பாதியைப் படித்தார். நான் தாளை நகர்த்தி மீதியையும் படிக்க வைத்தேன். எஞ்சின், பிரேக், டயர் என்று கேட்டுத் துளைத்தார். மறுநாள் காலையில், யாரும் சொல்லாமல், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். மகளிடம், "உங்கப்பா எழுந்துட்டார்டீ" என்று கத்தினேன்.

"ஆட்டோமேடிக்தான் எடுக்கணும்," என்றார் அவர். "கியர் மாத்தற வண்டி வேண்டவே வேண்டாம்."

எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க ஸ்டீயரிங்கைத் தொட விடாத மனுஷர், என் இடது காலுக்கு க்ளட்ச் மிதிக்கிற சிரமம் வேண்டாம் என்று யோசிக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அசடு, அசடு. அந்த இரண்டு நாள் நான் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தேன். அவருக்குப் பிடித்த மொளகூட்டல் செய்தேன்.

மூன்றாம் நாள் சாயா குடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "இடது காலுக்கு அதுல ஜோலியே இல்லை, கேட்டியா? வலது கால் ஒண்ணு போறும், வலது கை ஒண்ணு போறும். சித்தே பழகிட்டா, நானே உன்னை ஆத்துக்குக் கொண்டுபோயி, நானே கொண்டு வருவேன்."

ஆத்துக்கு என்றால் பாலக்காட்டில் என் பிறந்த வீடு. சாயா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். இத்தனை நாளாக நாங்கள் இருவரும் ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் இடது கதவைத் திறந்து பார்த்தேன், அவர் வலது கதவை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, கையும் காலும் அதற்குப் போதும்தான். ரோட்டின் பாதி அவருக்கு இல்லையே, அதை எந்த வண்டியில் வைத்துத் தருவார்கள்?

டாக்டர் அவரிடமே நேராகச் சொல்லியிருக்கிறார், இனி ஓட்டக் கூடாது என்று. நானும் சொன்னேன், அன்றைக்கே, கையைப் பிடித்துக்கொண்டு. "ஏன்னா, இடது பக்கம் வர்றது உங்களுக்குத் தெரியாது. டாக்டர் சொன்னாரோல்லியோ?"

"எனக்கு எல்லாம் தெரியறது," என்றார். பொய் சொல்லவில்லை. தெரியாதது எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. "டாக்டருக்கென்ன, அவாளுக்கு எல்லாரும் ரோகிதான். வண்டி வரட்டும், காட்டறேன்."

அவர் ஏறிப் பார்க்க வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மகள், அந்த டெஸ்ட் டிரைவை ரத்து செய் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. வாசல் வரை நடக்கிற மனுஷரை மறுபடி கட்டிலுக்கு எப்படி அனுப்புவது? பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் வெளியே வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அவர் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். முகத்தின் இடது பாதியை நான் ஷேவ் செய்துவிட்டேன். சந்து முனை வரை நடந்தார், இடது தோள் இரண்டு இடத்தில் சுவரில் உரசியது. இடது கதவைத் திறந்து நிறுத்தினேன். முதுகைக் காட்டினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான்! அமுக்கவில்லை, இழுக்கவில்லை. வலது காலை உள்ளே வைத்தார், இடது காலை வலது கையால் தூக்கி வைத்துக்கொண்டார். பின்சீட்டில் இருந்த அதே மூக்குக்கண்ணாடி விற்பனைக்காரர் "சரியாயி" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பள்ளுருத்தி வரை போய்த் திரும்பினோம். நான் அவருக்கு வலது பக்கத்தில் இருந்தேன், அதனால் வழி முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்த்தால் சும்மா இருப்பாரா?

"பிரேக்கை இப்படித் தொட்டுத் தொட்டுச் சவிட்டாதே, டீ. முட்டையா இருக்கு அதுக்கடியில? க்ளட்ச் இல்லாத வண்டியிலயும் காலைத் தேடறா பாரு!" என்று பின்சீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிப் புகார் சொன்னார். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். மட்டாஞ்சேரி ரோட்டில் ஒரு சாதாரணப் புருஷன் பெண்டாட்டியாக, சண்டை போட்டுக்கொண்டு, ஏசி காற்றில் போனோம். இந்த வண்டி என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடலாம் என்று இருந்தது.

காயல் ஓரம் டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும் திடல் ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும். அங்கே போகச் சொன்னார். நிறுத்தியதும், "இனி நான்," என்றார்.

விற்பனைக்காரர் என்னைப் பார்த்தார். நான் இறங்கி, அவரைத் தள்ளி அழைத்துப் போய், வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தேன். ஜன்னலை இறக்கி எஞ்சினை அணைத்தாயிற்று, சாவியோடு தூரத்தில் நில்லுங்கள், இவர் உட்கார்ந்து மட்டும் பார்க்கட்டும் என்றேன். "மனசிலாயி சேச்சி," என்றார்.

நான் போய் இடது கதவைத் திறந்ததும், என் கணவர் தானே இறங்கி, முன்பக்கம் சுற்றி நடந்து, வலது கதவுக்கு வந்தார். ஊன்றுகோலை என்னிடம் தந்தார். முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு இழுப்பு. இத்தனை மாதப் பிசியோவில் நான் பார்க்காத இழுப்பு அது. இருக்கையைச் சரிசெய்துகொண்டார். வலது கண்ணாடியைத் திருத்தினார். ஸ்டீயரிங்கின் வலது பாதியை உள்ளங்கையால் தடவினார். முகம் மலர்ந்திருந்தது. வலது பாதி மட்டும்தான், ஆனாலும் மலர்ந்திருந்தது.

ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, நான் பின்னால் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து, என் பழைய இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். இந்த இடத்திலிருந்து அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று இருந்தது. அவர் திரும்பி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கிளம்பும் முன் எப்போதும், "பர்ஸ் எடுத்தியா, அடுப்பை அணைச்சியா?" என்று கேட்பார்.

அவர் முன்னால் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தூரத்தில் நின்ற விற்பனைக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் ஓடிவந்து வலது ஜன்னலில் குனிந்தார்.

"அவளைச் சித்தே விளியுங்கோ," என்றார் என் கணவர். "எங்கே போயி நிக்கறாளோ. அவ வந்து ஏறினாத்தான் எடுக்க முடியும். அவளை விட்டுட்டு நான் போனதே இல்லை."

விற்பனைக்காரர் அவருடைய தோளுக்கு மேல் என்னைப் பார்த்தார். என் வலது கை அவருடைய இடது கைமேல் இருந்தது. உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

நான் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வலது ஜன்னலில் நின்றேன்.

"எங்கேடீ போயிட்டே?" என்றார். கோபமே இல்லை, கண் நிறைய ஆசை. "எத்தனை நேரமா உன்னைத் தேடறேன். வா, ஏறு."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.